பட்டியலிட்ட வகைகள்: மதிப்புகளின் எல்லையை மொழியிலேயே வரைதல்

நிரலாக்க மொழியில் தரவு வகை என்பது, ஒரு மாறி ஏற்கக்கூடிய மதிப்புகள் எவை, அவற்றின்மீது செய்யத்தக்க செயல்கள் எவை என்ற இரண்டையும் வரையறுக்கும் ஏற்பாடாகும். முழு எண், பதின்ம எண், சரம் முதலான அடிப்படை வகைகளின் மதிப்புகளை மொழியே முன்கூட்டி வகுத்துத் தந்துவிடுவதால், நிரலாளர் அவற்றைப் பயன்படுத்தலாமே தவிர அவற்றின் எல்லையை மாற்ற இயலாது. நிரலாளர் பேச்சில் ‘எனம்’ என்று வழங்கும் பட்டியலிட்ட வகையிலோ, மதிப்புகள் ஒவ்வொன்றையும் நிரலாளரே பெயர் சொல்லி எழுதி, இந்தப் பட்டியலோடு இவ்வகை முடிகிறது என்று அறிவிக்கிறார். இந்த அறிவிப்பின் பிற்பாதியே, அதாவது ‘முடிகிறது’ என்னும் உறுதியே, பட்டியலிட்ட வகையின் உயிர்நிலை. மதிப்புகளுக்குப் பெயர் சூட்டும் வசதியை வேறு பல வழிகளில் பெறலாம். எல்லை கட்டும் வசதியை மொழி தந்தாலன்றி முழுமையாகப் பெற முடியாது. ஆகவே ஒரு மொழியை வடிவமைப்பவர், தம் மொழியில் பட்டியலிட்ட வகை இருக்கிறதா என்பதோடு நில்லாமல், அவ்வகை தரும் உறுதியை மொழியின் மற்ற உறுப்புகள் எந்த அளவு காக்கின்றன என்பதையும் ஆராய வேண்டும்.

ரயில் பயணச்சீட்டின் முன்பதிவு நிலையை இவ்வியல் முழுவதற்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். விளக்கத்தின் எளிமை கருதி, ஒரு சீட்டு ‘உறுதி’, ‘ஆர்ஏசி’ (வேறு சீட்டு ரத்தானால் படுக்கை பெறும் நிலை), ‘காத்திருப்பு’, ‘ரத்து’ என்ற நான்கு நிலைகளுள் ஒன்றில் மட்டுமே இருக்கும் என்று வைத்துக்கொள்வோர்க்கு, இவற்றை 1, 2, 3, 4 என்ற முழு எண்களால் குறிப்பதே முதலில் தோன்றும் வழி. 32 பிட் முழு எண் ஏறத்தாழ 429 கோடி வெவ்வேறு மதிப்புகளை ஏற்கும். அவற்றுள் நான்கிற்கு மட்டுமே இங்கே பொருள் உண்டு. நிலையை எதிர்பார்க்கும் செயற்கூறு ஒன்றுக்குப் பயணியின் வயதைத் தவறுதலாக அனுப்பினாலும் நிரல்பெயர்ப்பி தடுக்காது, ஏனெனில் அதன் பார்வையில் வயதும் நிலையும் ஒரே வகையைச் சேர்ந்த எண்களே. எண்களுக்குப் பதிலாகப் பெயரிட்ட மாறிலிகளைப் பயன்படுத்தினால் நிரலைப் படிக்கும் மனிதருக்குத் தெளிவு கூடும். நிரல்பெயர்ப்பியின் அறியாமை அப்படியே நீடிக்கும்.

இந்த அறியாமையை அளந்து காட்டும் கருவியை டோனி ஹோர் தந்தார். டால், டைக்ஸ்ட்ரா ஆகியோருடன் இணைந்து அவர் 1972இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரக்சர்ட் புரோகிராமிங்’ என்னும் நூலில், தரவுக் கட்டமைப்பு பற்றிய தம் பகுதியில், ஒவ்வொரு வகைக்கும் அதில் அடங்கும் மதிப்புகளின் எண்ணிக்கையை ஓர் அடிப்படைப் பண்பாகக் கொண்டு விவாதத்தை நடத்தினார். பட்டியலிட்ட வகையின் எண்ணிக்கை அதன் பட்டியலின் நீளம். பல புலங்களைக் கொண்ட பதிவின் எண்ணிக்கை அப்புலங்களுடைய எண்ணிக்கைகளின் பெருக்கல். ‘இது அல்லது அது’ என்று மாற்றுகளைச் சேர்க்கும் வகையின் எண்ணிக்கை அவற்றின் கூட்டல். மேற்கண்ட சீட்டின் நிலையை ‘உறுதியா’, ‘ஆர்ஏசியா’, ‘ரத்தா’ என்ற மூன்று மெய்–பொய் புலங்களால் குறித்தால் இரண்டை மும்முறை பெருக்கி எட்டு நிலைகள் கிடைக்கும். அவற்றுள் நான்கு, ஒரே சீட்டு உறுதியாகவும் ரத்தாகவும் இருப்பது போன்ற நடக்க முடியாத நிலைகள். நடக்க முடியாதவற்றை எழுதவும் முடியாதபடி செய்தால், அவற்றைச் சோதிக்கும் நிரல்வரிகளும், அச்சோதனை விடுபட்டதால் வரும் பிழைகளும் ஒருசேர மறைகின்றன.

பாஸ்கல் வகுத்த பாதை

பட்டியலிட்ட வகையைப் பரவலாக அறிமுகப்படுத்திய பெருமை நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியைச் சாரும். பாஸ்கலில் பெயர்களை அடைப்புக்குறிக்குள் வரிசையாக எழுதினாலே புதிய வகை பிறந்துவிடும். அது முழு எண்ணோடு தானாகக் கலக்காது. ஒரு மதிப்பின் வரிசை எண், அதற்கு அடுத்தது, அதற்கு முந்தையது ஆகியவற்றைப் பெறுவதற்கு உள்ளமைந்த செயற்கூறுகள் உண்டு. மெய், பொய் என்ற இரண்டையும் கொண்ட பூலியன் வகையைக்கூட முன்கூட்டி அறிவிக்கப்பட்ட பட்டியலிட்ட வகையாகவே பாஸ்கல் கருதியது. மொழிக்குள் தனிச் சலுகையோடு வாழ்ந்த ஒரு வகையை, நிரலாளரும் படைக்கக்கூடிய பொது வடிவத்தின் ஓர் எடுத்துக்காட்டாக மாற்றியது அழகான முடிவு. 1983இல் தரமாக்கப்பட்ட ஏடா மொழி இன்னும் ஒரு படி மேலே சென்று எழுத்துக்குறிகளின் வகையையும் பட்டியலிட்ட வகையாகவே வரையறுத்தது.

பாஸ்கலில் அதிகம் பேசப்படாத இரு வசதிகள் மொழி வடிவமைப்பாளரின் கவனத்துக்கு உரியவை. முதலாவது, அணியின் சுட்டெண்ணாகப் பட்டியலிட்ட வகையைக் கொள்ளும் வசதி. நான்கு நிலைகளுக்கும் எத்தனை சீட்டுகள் உள்ளன என்று எண்ணும் அணியை நிலைகளின் வகையாலேயே சுட்டினால், அணியின் நீளம் தானே அமைகிறது. எல்லைக்கு வெளியே சுட்டுவதற்கு எழுதத்தக்க மதிப்பே இல்லாததால் அத்தகைய பிழைக்கும் இடமில்லாமல் போகிறது. இரண்டாவது, பட்டியலிட்ட வகையின் மீது அமைந்த கணம். ‘உறுதி, ஆர்ஏசி ஆகிய நிலைகளில் உள்ளோர் மட்டும் வண்டியில் ஏறலாம்’ என்ற விதியை இரு உறுப்புகள் கொண்ட கணமாக எழுதி, கொடுக்கப்பட்ட நிலை அதில் அடங்குகிறதா என்று பாஸ்கலில் நேரடியாகவே கேட்கலாம். பிற்கால மொழிகள் பல இக்கணத்தைக் கைவிட்டு, மதிப்புகளுக்கு இரண்டின் அடுக்குகளை எண்ணாகத் தந்து பிட் அளவில் ஒன்றுசேர்க்கும் உத்தியை வளர்த்தன. அவ்வாறு சேர்ந்த எண் பட்டியலில் இல்லாத ஒரு மதிப்பாகவே இருக்கும் என்பதால், எல்லைக்காகப் பிறந்த வகை தன் எல்லையைத் தானே உடைக்கிறது. பலவற்றுள் ஒன்றைத் தெரிவதும், பலவற்றை ஒருங்கே கொள்வதும் வெவ்வேறு கருத்துகள். இரண்டுக்கும் மொழி தனித்தனி வகையைத் தருதலே முறை.

பாஸ்கலின் ஒரு முடிவு மட்டும் மறுபரிசீலனைக்கு உரியது. எழுதிய வரிசையையே மதிப்புகளின் ஏறுவரிசையாக அது எல்லாப் பட்டியல்களுக்கும் கட்டாயமாக்கியது. வாரத்தின் நாள்களுக்கு இது பொருந்தலாம்; ‘ரத்து’ என்பது ‘காத்திருப்பு’ என்பதைவிடப் பெரியதா என்ற கேள்விக்கு எந்தப் பொருளும் இல்லை. ஹாஸ்கெல், ரஸ்ட் ஆகிய மொழிகளில், ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் தன்மை வேண்டுமென்றால் வகையின் அறிவிப்பிலேயே நிரலாளர் அதைக் கேட்டுப் பெறவேண்டும். கேட்டால் கிடைக்கும், கேளாவிட்டால் இராது என்னும் இந்த ஏற்பாடே புதிய மொழிக்கு ஏற்றது.

சி மொழி விட்டுக்கொடுத்தது

கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழி நூலின் 1978ஆம் ஆண்டு முதற்பதிப்பு விவரித்த மொழியில் பட்டியலிட்ட வகை இல்லை. பின்னர் சேர்க்கப்பட்டு, 1989இல் அமைந்த தரத்தில் அது இடம்பிடித்தது. ஆனால் அத்தரத்தின்படி பட்டியலில் எழுதும் பெயர்கள் ஒவ்வொன்றும் முழு எண் மாறிலிகளே. பட்டியலிட்ட வகையின் மாறியில் எந்த முழு எண்ணையும் எந்தத் தடையுமின்றி வைக்கலாம். சீட்டின் நிலையை எதிர்பார்க்கும் இடத்தில் வாரநாள் ஒன்றை வைத்தாலும் அது தரத்தை மீறாது. பெயர்கள் யாவும் சூழ்ந்துள்ள பொதுவெளியிலேயே பரவுவதால், ஒரே கோப்பில் இரு பட்டியல்கள் ‘ரத்து’ என்ற பெயரைக் கொள்ளவும் முடியாது. அதனால் சி நிரலாளர் ஒவ்வொரு பெயருக்கும் முன்னொட்டுச் சேர்த்து எழுதும் வழக்கம் நிலைபெற்றது.

சி++ மொழி இதைப் படிப்படியாகத் திருத்தியது. முழு எண்ணைப் பட்டியலிட்ட வகையாக மாற்ற வெளிப்படையான வகைமாற்றம் வேண்டும் என்று முதலில் விதித்தது. எதிர்த்திசையில் தானாக நிகழும் மாற்றத்தை மட்டும் நீக்கவில்லை. 2011ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த புதிய வடிவம் இரு திசைகளையும் மூடி, பெயர்களை வகையின் பெயருக்குள் அடக்கி, நினைவகத்தில் எந்த முழு எண் வகையால் அது குறிக்கப்படவேண்டும் என்பதை நிரலாளரே அறிவிக்கும் வசதியையும் தந்தது. இந்த வரலாற்றிலிருந்து வடிவமைப்பாளர் பிரித்தறிய வேண்டியவை மூன்று: பிற வகைகளோடு கலவாத தனிமை, பெயர்கள் வாழும் வெளி, நினைவகத்தில் குறியீடு. சி இம்மூன்றையும் ஒரே முடிச்சாகக் கட்டியதால் பின்வந்தோர் அவிழ்க்கப் பல பதிப்புகள் தேவைப்பட்டன. குறியீடு எண்ணாக இருப்பதில் தவறேதும் இல்லை. அந்த எண் நிரலாளர் அழைக்காமலே வெளியே வந்து கணக்குகளில் கலப்பதுதான் தவறு.

முழுமைச் சோதனை

பட்டியலிட்ட வகையின் முழுப் பயனும் வெளிப்படும் இடம் தெரிவுக் கூற்று. ஒரு மதிப்பைப் பார்த்துப் பல கிளைகளுள் ஒன்றைத் தேர்ந்து இயங்கும் இக்கூற்று, மொழிக்கு மொழி சுவிட்ச் என்றும் கேஸ் என்றும் மேட்ச் என்றும் வழங்குகிறது. மதிப்புகளின் பட்டியல் முடிவானது என்று நிரல்பெயர்ப்பிக்குத் தெரிந்திருப்பதால், எல்லா மதிப்புகளுக்கும் கிளை எழுதப்பட்டிருக்கிறதா என்று அது சரிபார்க்க முடியும். இதுவே முழுமைச் சோதனை.

இதன் மதிப்பு, நிரலை முதன்முதலில் எழுதும் நாளில் பெரிதாகப் புலப்படாது. நான்கு நிலைகளையும் மனத்தில் வைத்து எழுதும் ஒருவர் நான்கு கிளைகளையும் பெரும்பாலும் விடாமல் எழுதிவிடுவார். சில ஆண்டுகள் கழித்து, நிரலின் மூல ஆசிரியர் விலகிய பின்னர், வண்டியே ஓடாமல் நின்றுவிட்ட சூழலைக் குறிக்க ‘வண்டி ரத்து’ என்ற ஐந்தாம் நிலையைச் சேர்க்க நேரும்போது நிலைமை வேறு. கட்டணத்தைத் திருப்பித் தரும் பகுதி, குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி, பயணியர் அட்டவணையை அச்சிடும் பகுதி, புள்ளிவிவரம் தொகுக்கும் பகுதி என்று பல கோப்புகளில் சிதறிக் கிடக்கும் தெரிவுக் கூற்றுகளுள் எவை திருத்தப்படவேண்டும் என்பதை எந்த மனித நினைவும் முழுமையாகத் தாங்காது. முழுமைச் சோதனை உள்ள மொழியில், பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்த அடுத்த கணமே திருத்தவேண்டிய இடங்கள் அனைத்தையும் நிரல்பெயர்ப்பி வரிசைப்படுத்திக் காட்டிவிடும். செய்யவேண்டிய வேலையின் பட்டியலைப் பிழைச் செய்திகளின் வடிவில் அது தருகிறது. ஒரு மொழிக்கூறு பராமரிப்புப் பணியை இவ்வளவு நேரடியாகத் தாங்குவது அரிது. பட்டியலிட்ட வகைக்காக வாதிட இந்த ஒரு பயனே போதுமானது.

மொழிகள் இச்சோதனையை நடத்தும் கண்டிப்பில் பெரிதும் வேறுபடுகின்றன. பாஸ்கல் தரத்தில் பொருந்தும் கிளை இல்லாத தெரிவுக் கூற்று நிரல் இயங்கும்போது நேரும் பிழை. சி மொழியில் அது பிழையே அன்று, கூற்று எதையும் செய்யாமல் ஓசையின்றி அடுத்த வரிக்குச் செல்லும். ஏடா மொழியோ எல்லா மதிப்புகளுக்கும் கிளை இருக்கவேண்டும், இல்லையேல் ‘மற்றவை’ என்னும் பொதுக் கிளை இருக்கவேண்டும் என்று நிரல்பெயர்க்கும்போதே கட்டாயப்படுத்தியது. ஜிசிசி போன்ற சி நிரல்பெயர்ப்பிகள் விடுபட்ட மதிப்புகளுக்கு எச்சரிக்கை தருகின்றன. பொதுக் கிளை ஒன்று எழுதப்பட்டிருந்தால் அந்த வழக்கமான எச்சரிக்கையும் அடங்கிவிடும்.

பொதுக் கிளைதான் முழுமைச் சோதனையின் பெரும் பகை. ‘வேறு எதுவாக இருந்தாலும் இதைச் செய்க’ என்று எழுதும் நிரலாளர், இன்னும் பிறக்காத மதிப்புகளுக்கும் சேர்த்து இன்றே தீர்ப்பு எழுதுகிறார். கட்டணம் திருப்பும் பகுதியில் ‘ரத்து’ நிலைக்கு ஒரு கிளையும் மற்றவற்றுக்கு ‘திருப்ப வேண்டாம்’ என்ற பொதுக் கிளையும் இருந்தால், பின்னால் சேரும் ‘வண்டி ரத்து’ நிலையின் பயணிகள் பணம் பெறமாட்டார்கள். எந்த எச்சரிக்கையும் எழாது. ஆகவே பட்டியல் குறுகியதாக உள்ளபோது ஒவ்வொரு பெயரையும் எழுதுவதே நல்ல பழக்கம் என்று நிரலாளர்க்கு அறிவுறுத்தலாம். மொழி வடிவமைப்பாளர் அறிவுரையோடு நிற்காமல், பல மதிப்புகளை ஒரே கிளையில் சுருக்கமாகச் சேர்த்து எழுதும் இலக்கணத்தைத் தரவேண்டும். மூன்று பெயர்களை ஒரே வரியில் எழுதும் வசதி இருந்தால் பொதுக் கிளையை நாடும் சோர்வு பெருமளவு குறையும்.

தெரிவுக் கூற்று மதிப்பைத் திருப்பித் தரும் கோவையாகவும் அமையும் மொழிகளில் முழுமைச் சோதனை தவிர்க்க முடியாததாகிறது, ஏனெனில் விடுபட்ட கிளைக்குத் திருப்பித் தர மதிப்பே இராது. ஜாவாவின் வளர்ச்சி இதற்குச் சான்று: அதன் பழைய தெரிவுக் கூற்று விடுபட்ட மதிப்புகளைப் பொறுத்துக்கொண்டது, 2020இல் வெளியான 14ஆம் பதிப்பில் நிலைபெற்ற தெரிவுக் கோவை முழுமையைக் கட்டாயமாக்கியது.

விர்த் தாமே எழுப்பிய எதிர்ப்பு

பட்டியலிட்ட வகைக்கு எதிரான மிக வலிமையான வாதம், அதைப் பரப்பியவரிடமிருந்தே வந்தது. பாஸ்கலுக்கும் மாடுலாவுக்கும் பின் விர்த் வடிவமைத்து 1988இல் அறிவித்த ஓபரான் மொழியில் பட்டியலிட்ட வகைகள் நீக்கப்பட்டிருந்தன. ஒரு தொகுதியில் அறிவித்த பட்டியலை வேறொரு தொகுதி நீட்டிக்க வழியில்லை என்பதும், வகையின் பெயரை இறக்குமதி செய்தால் அதன் மதிப்புகளின் பெயர்களும் கூடவே நுழைந்து இறக்குமதி விதிக்கு விலக்கு ஏற்படுத்துகின்றன என்பதும், அளவின்றிப் பயன்படுத்தியதால் நிரல்களில் வகைகள் பெருகித் தெளிவைவிட நீளமே கூடியது என்பதும் அவர் முன்வைத்த காரணங்கள். ஓபரானின் மையக் குறிக்கோளே வகைகளை நீட்டித்தல் என்பதால், நீட்டிக்க முடியாத ஒன்று அங்கே அந்நியமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

கிரீசமர், பைக், தாம்சன் ஆகிய மூவர் வடிவமைத்து 2009இல் வெளியான கோ மொழியிலும் பட்டியலிட்ட வகை இல்லை. ஓபரானின் தாக்கம் அம்மொழியின் வேறு பல கூறுகளிலும் காணப்படுகிறது. கோ நிரலாளர் முழு எண்ணை அடிப்படையாகக் கொண்டு புதிய பெயருள்ள வகையைப் படைத்து, ஏபிஎல் மொழியிலிருந்து பெயர் பெற்ற ‘அயோட்டா’ என்னும் தானியங்கி எண்ணியின் துணையால் அடுத்தடுத்த மாறிலிகளை எழுதுகின்றனர். பெயரும் வகையும் இவ்வாறு கிடைக்கின்றன, எல்லை கிடைப்பதில்லை. நிலை வகையின் மாறியில் 42 என்று நேராக எழுதினாலும் கோ ஏற்றுக்கொள்ளும். முழுமைச் சோதனையை மொழி செய்யாததால் அதற்கென வெளிக் கருவிகளை நாடவேண்டியுள்ளது.

விர்த் கண்ட சிக்கல் உண்மையானது. அவர் எடுத்த தீர்வு தேவைக்கு மிஞ்சியது. இறக்குமதி பற்றிய குறை, பெயர்களை வகையின் பெயருக்குள் அடக்கிவிட்டால் தீர்ந்துவிடுகிறது. நீட்டிப்புப் பற்றிய குறை மட்டுமே ஆழமானது. அது எந்தப் பட்டியல் உண்மையிலேயே மூடியது, எது காலப்போக்கில் வளரக்கூடியது என்ற வேறுபாட்டை மொழி எழுதவிடாததால் எழுகிறது. மெய்–பொய் இரண்டோடு மூன்றாவது சேரப்போவதில்லை. ஆனால் ஒரு நூலகம் வெளியிடும் பிழை வகைகளின் பட்டியல் அடுத்த பதிப்பில் நிச்சயம் நீளும். அந்நீட்சி நூலகத்தைப் பயன்படுத்துவோர் நிரல்களையெல்லாம் முறிக்கக்கூடாது.

இந்த வேறுபாட்டை எழுதும் வழிகள் பின்னர் உருவாயின. ரஸ்ட் மொழியின் 1.40 பதிப்பு 2019இல் தந்த குறிப்பு ஒன்றைப் பட்டியலின் மேல் எழுதினால், அப்பட்டியலைப் பயன்படுத்தும் வெளி நூலகங்கள் பொதுக் கிளையை எழுதியே ஆகவேண்டும். பட்டியல் பிறந்த நூலகத்துக்குள் மட்டும் கண்டிப்பான முழுமைச் சோதனை தொடரும். அதே ஆண்டில் வந்த ஸ்விஃப்ட் 5 இதைவிட நுட்பமான ஒன்றைச் செய்தது. எதிர்காலத்தில் சேரக்கூடிய, இன்று பெயர் தெரியாத மதிப்புகளுக்கென்றே தனிப் பொதுக் கிளையை அது தந்தது. அக்கிளையை எழுதியிருந்தாலும், இன்று பெயர் தெரிந்த மதிப்பு ஏதேனும் விடுபட்டிருந்தால் நிரல்பெயர்ப்பி எச்சரிக்கும். அறிந்தவற்றைக் கவனமாகக் கையாளும் கடமையும் அறியாதவற்றுக்கு ஆயத்தமாக இருக்கும் கடமையும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும் இந்த வடிவம், புதிய மொழி எதுவும் அப்படியே எடுத்தாளத் தகுந்தது.

ஜாவா திரும்பி வந்த வழி

1990களின் நடுவில் வெளியான ஜாவா மொழியும் தொடக்கத்தில் பட்டியலிட்ட வகையைச் சேர்க்கவில்லை. முழு எண் மாறிலிகளே அவ்விடத்தை நிரப்பின. அம்மாறிலிகளின் மதிப்பு, அவற்றைப் பயன்படுத்தும் நிரலுக்குள் நிரல்பெயர்க்கும்போதே பதிந்துவிடுவதால், மூல நூலகத்தில் எண்ணை மாற்றினாலும் மறுபடி நிரல்பெயர்க்கப்படாத மற்ற நிரல்கள் பழைய எண்ணையே சுமந்து திரிந்தன. ஜோஷுவா பிளாக் தம் ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலின் 2001ஆம் ஆண்டுப் பதிப்பில், வெளியிலிருந்து புதிய பொருள்களை ஆக்கமுடியாத இனக்குழு ஒன்றை எழுதி, அதற்குள் குறிப்பிட்ட சில பொருள்களை மட்டும் படைத்து வைக்கும் வடிவமைப்பைப் பரிந்துரைத்தார். மொழியில் இல்லாத எல்லையை நிரலாளர் கையால் கட்டிய இந்த வடிவமைப்பையே 2004இல் வந்த ஜாவா 5 மொழியின் இலக்கணமாக ஏற்றது.

இதனால் ஜாவாவின் பட்டியலிட்ட மதிப்பு ஒவ்வொன்றும் ஒரு பொருளாக நிற்கிறது; தன் புலங்களையும் செயற்கூறுகளையும் அது கொண்டிருக்கலாம். ‘ஆர்ஏசி’ என்ற மதிப்பே, வண்டியில் ஏற இசைவு உண்டா என்ற கேள்விக்கு விடை தரும்படி எழுதலாம். பாஸ்கலின் கணமும் நூலக வடிவில் மீண்டது: 64 வரையிலான மதிப்புகள் கொண்ட பட்டியலின் கணத்தை ஜாவா நூலகம் ஒரே ஒரு 64 பிட் எண்ணில் அடக்கிவிடுகிறது. தெளிவான வகை மெதுவாக இயங்கும் என்ற பழைய அச்சத்துக்கு இது நல்ல விடை. எல்லை தெரிந்த பட்டியலுக்கு மிகச் சிக்கனமான குறியீட்டை நிரல்பெயர்ப்பியும் நூலகமும் தாமே தேர்ந்துகொள்கின்றன.

மதிப்போடு தரவும் சேரும்போது

இதுவரை கண்ட பட்டியல்களில் மதிப்புகள் வெறும் பெயர்கள். நடைமுறையில் ஒவ்வொரு நிலையும் தனக்குரிய தரவைச் சுமக்கிறது. உறுதியான சீட்டுக்குப் பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் உண்டு. காத்திருப்புச் சீட்டுக்கு வரிசை எண் உண்டு. ரத்தான சீட்டுக்குத் திருப்பவேண்டிய தொகை உண்டு. இவற்றையெல்லாம் ஒரே பதிவின் புலங்களாக வைத்தால், காத்திருப்போருக்குப் படுக்கை எண் இருப்பது போன்ற பொருளற்ற சேர்க்கைகள் மீண்டும் நுழையும். ஹோரின் கணக்கில் சொன்னால், கூட்டவேண்டிய இடத்தில் பெருக்கியதன் விளைவு இது.

எடின்பரோவில் பர்ஸ்டல், மக்வீன், சனெல்லா ஆகியோர் 1980இல் விவரித்த ஹோப் மொழியும், அதன்பின் எம்எல் மொழிக் குடும்பமும் ஹாஸ்கெலும் இதற்குத் தந்த விடை இயற்கணித வகை. பட்டியலின் ஒவ்வொரு பெயரும் தனக்குரிய தரவைத் தன்னோடு கொண்டிருக்கும். தெரிவுக் கூற்றின் கிளைக்குள் நுழைந்தால் மட்டுமே அத்தரவு கைக்குக் கிட்டும். படுக்கை எண்ணைப் படிக்க விரும்புபவர் ‘உறுதி’ என்னும் கிளைக்குள் இருந்தாகவேண்டும் என்பதை மொழியே உறுதி செய்கிறது. ஸ்விஃப்டும் ரஸ்டும் முறையே 2014இலும் 2015இலும் இக்கருத்தைப் பட்டியலிட்ட வகை என்ற பழைய பெயரிலேயே பரவலான பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தன.

இதன் மிகப் பெரிய பயன் ‘மதிப்பு இல்லை’ என்னும் நிலையைக் கையாள்வதில் தெரிகிறது. 1965இல் அல்கால் டபிள்யூ மொழிக்காகத் தாம் படைத்த வெற்றுச் சுட்டைப் பற்றி ஹோர் 2009இல் பேசியபோது, அது தம்முடைய நூறு கோடி டாலர் பிழை என்று வருந்தினார். வெற்றுச் சுட்டு ஒவ்வொரு சுட்டு வகைக்கும் அறிவிக்கப்படாத கூடுதல் மதிப்பு ஒன்றைச் சேர்க்கிறது. பட்டியலில் எழுதப்படாததால் அதற்குக் கிளை எழுத நிரலாளர் மறந்தாலும் கேட்பார் இல்லை. ‘உண்டு, அதனோடு மதிப்பு’, ‘இல்லை’ என்ற இரு பெயர்கள் கொண்ட வகையாக அதை எழுதினால், மறைந்திருந்த மதிப்பு பட்டியலுக்குள் வந்துவிடுகிறது. முழுமைச் சோதனை அதையும் காவல் காக்கிறது. வெற்றாக இருக்க முடியாத சுட்டுகளுக்கு இவ்வகை கூடுதல் நினைவகம் எதையும் எடுத்துக்கொள்ளாது என்று ரஸ்ட் உறுதியளிக்கிறது, ஏனெனில் சுட்டு ஒருபோதும் ஏற்காத பூஜ்ய முகவரியே ‘இல்லை’ என்பதன் குறியீடாகிவிடுகிறது.

செயற்கூறுகளின் அளபுருக்களுக்கும் இதே நோக்கைச் செலுத்தலாம். அழைக்கும் இடத்தில் ‘மெய், பொய், மெய்’ என்று மூன்று விடைகள் வரிசையாக நின்றால் எது எதற்கு விடை என்று படிப்பவர் அறியமாட்டார். இரு பெயர்கள் மட்டுமே கொண்ட பட்டியலைப் படைப்பது ஒரு வரியில் முடியும்படி இலக்கணம் எளிமையாக இருந்தால், நிரலாளர் அதையே விரும்பி எழுதுவர்.

மொழியின் எல்லைக்கு வெளியே

பட்டியலின் உறுதி நிரலுக்குள் மட்டுமே செல்லும். தரவுத்தளம், கோப்பு, பிணையம் ஆகியவற்றின் வழியே வரும் மதிப்பு வேறொரு காலத்தில், வேறொரு பதிப்பு எழுதியதாக இருக்கலாம். இங்கே நேரும் மிகப் பொதுவான தவறு, பட்டியலில் மதிப்பு நிற்கும் இடத்தின் எண்ணையே சேமிப்பது. ஜாவாவின் ஜேபிஏ என்னும் தரவுத்தள இடைமுகம் நிரலாளர் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் இவ்வெண்ணைத்தான் சேமிக்கும். அகரவரிசை அழகுக்காக யாரேனும் பட்டியலின் பெயர்களை இடம் மாற்றினால், முன்பு சேமித்த உறுதியான சீட்டுகள் ஒரே இரவில் வேறு நிலையைக் காட்டும். நிரல்பெயர்ப்பிக்கு இதில் எந்தக் குறையும் தெரியாது. சேமிப்புக்கு உரிய குறியீட்டை ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதும் வசதியை மொழி தரவேண்டும். எழுதும் வரிசைக்கும் சேமிப்புக் குறியீட்டுக்கும் உள்ள பிணைப்பை அறுத்துவிட வேண்டும்.

தரவுத்தளங்கள் தாமும் இவ்வகையை ஏற்றுள்ளன. போஸ்ட்கிரெஸ் 2008இல் வந்த 8.3 பதிப்பில் பட்டியலிட்ட வகையைச் சேர்த்தது. பட்டியலில் புதிய பெயரைச் சேர்க்கும் கட்டளை 2011இல் வந்த 9.1 பதிப்பில் கிடைத்தது. இருக்கும் பெயரை நீக்குவதற்கு நேரடிக் கட்டளை இல்லை. சேமித்த தரவின் ஏதோ ஒரு மூலையில் அப்பெயர் இன்னும் வாழக்கூடும் என்பதால் இந்தத் தயக்கம் நியாயமானதே. அடிக்கடி மாறும் பட்டியல்களைத் தனி அட்டவணையாக வைத்துச் சுட்டுதல் அங்கே ஏற்றது.

வெளியிலிருந்து வந்த எண்ணையோ சரத்தையோ பட்டியலிட்ட மதிப்பாக மாற்றும் செயற்கூறு எந்த வடிவில் இருக்கவேண்டும் என்பது இறுதியாக முடிவு செய்யப்படவேண்டியது. சி# மொழியில் வகைமாற்றம் எழுதினால், பட்டியலில் இல்லாத எண்ணும் சோதனையின்றி உள்ளே வந்துவிடும். அதனால் எல்லாப் பெயர்களுக்கும் கிளை எழுதியபின்னும் அம்மொழியின் தெரிவுக் கூற்று முழுமையானது என்று சொல்ல முடியாத நிலை. ஜாவா, பொருந்தாத பெயர் வந்தால் விதிவிலக்கை எறிகிறது. எல்லை காக்கப்படுகிறது, ஆனால் அவ்விதிவிலக்கைப் பிடிக்க நிரலாளர் நினைவில் வைத்திருக்கவேண்டும். மாற்றத்தின் விடையை ‘உண்டு, அதனோடு மதிப்பு’ அல்லது ‘இல்லை’ என்னும் வகையாகத் தருவதே இவற்றுள் சிறந்தது. தோல்வியைக் கையாளாமல் உள்ளே நுழைய வழி இராது. பிணையச் செய்திகளுக்கான புரோட்டோகால் பஃபர்ஸ் வடிவத்தின் மூன்றாம் பதிப்பு வேறு தேவையை முன்னிட்டு வேறு முடிவெடுத்தது: பழைய நிரல் ஒன்று புதிய நிரலின் செய்தியைப் பெற்று அடுத்தவருக்குக் கடத்தும்போது தனக்குத் தெரியாத மதிப்பைத் தொலைத்துவிடக்கூடாது என்பதால், பட்டியலில் இல்லாத எண்ணையும் அது அப்படியே பாதுகாக்கிறது, முதல் பெயரின் எண் பூஜ்யமாக இருக்கவேண்டும் என்று விதித்து, அவ்விடத்தைக் ‘குறிப்பிடப்படவில்லை’ என்ற பொருளுக்கு ஒதுக்குமாறு பரிந்துரைக்கிறது. கடத்தும் வடிவத்துக்குத் திறந்த பட்டியலும், கணக்கிடும் நிரலுக்கு மூடிய பட்டியலும், இரண்டுக்கும் இடையே தோல்வியை ஒளிக்காத ஒரே ஒரு மாற்றுச் செயற்கூறும் என்று பிரித்து அமைக்கும் நிரலில், தெரியாத மதிப்பு எந்த வரியில் வந்து நிற்கும் என்பதை முன்கூட்டியே சுட்டிக்காட்ட முடியும்.